ஒரு தேசத்துக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து

எங்கள் வீட்டில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடக்கூடாது. அப்பா ஒரு காலத்தில் கூட வேலை பார்த்த நண்பருக்காக ஒரு கூட்டுறவு சொசைட்டி கடனுக்குக் கையெழுத்துப் போட்டார். நண்பர் கட்டவில்லை. மூன்று வருடம் அப்பாவின் சம்பளத்தில் பிடித்தார்கள். அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போய், திரும்பி வரவே இல்லை. அப்பா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். அம்மா மட்டும், நான் பேங்கில் சேர்ந்த அன்று, "ஊரார் கடனுக்கெல்லாம் நீ கையெழுத்துப் போட வேண்டிய வேலையாச்சே" என்று கவலைப்பட்டாள்.

போன வாரம் மகள் அமெரிக்க சுதந்திரப் போர் பாடம் படித்துக் கொண்டிருந்தாள். வாஷிங்டன், ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின் என்று வரிசையாகப் பெயர்கள். படித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "ஏம்ப்பா, எட்டு வருஷம் சண்டை போட்டிருக்காங்களே, சம்பளம் யாரு குடுத்தா?"

பி.காம். படித்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான் இது. அவள் புத்தகத்தில் பதில் இல்லை. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். 1775-ல் போர் தொடங்கியபோது 13 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய சபைக்குப் பெயர் காங்கிரஸ் (நம்மூர் காங்கிரஸ் இல்லை!). அந்தக் காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மாகாணங்களைக் கெஞ்சலாம், அவ்வளவுதான். வரி கட்டமாட்டோம் என்று சொல்லித்தானே சண்டையே ஆரம்பித்தது? அதனால் அவர்கள் கண்ட வழி, நோட்டு அச்சடிப்பது. 1775 ஜூனில் 20 லட்சம் டாலரில் ஆரம்பித்தார்கள். 1779 முடிவதற்குள் 20 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு ஆங்கிலேயர்களும் கள்ள நோட்டு அடித்து உள்ளே விட்டார்கள். 1779-ல் வாஷிங்டன் ஒரு கடிதத்தில், ஒரு வண்டி நிறைய நோட்டு கொண்டு போனால்கூட ஒரு வண்டி சாமான் வாங்க முடியவில்லை என்று நொந்துகொண்டார். 1780 மார்ச்சில் காங்கிரசே 40 காகித டாலருக்கு 1 வெள்ளி டாலர் என்று ஒப்புக்கொண்டது. அடுத்த வருடம் அந்த நோட்டு செத்தே போனது.

இந்த 40-க்கு 1 கணக்கு மனிதர்களை எப்படி அடித்தது என்பதற்கு ஒரு உதாரணம். 1780-ல் ஃபிலடெல்ஃபியாவில் எஸ்தர் ரீட் என்ற பெண்மணி, மற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படைவீரர்களுக்காக நிதி திரட்டினார். சேர்ந்தது சுமார் 3 லட்சம் டாலர். கேட்கப் பெரிதாக இருக்கிறது இல்லையா? 40-ஆல் வகுத்துப் பாருங்கள். 7,500 டாலர் வெள்ளி. எஸ்தர், ஆளுக்கு இரண்டு டாலர் வெள்ளியாகக் கையில் கொடுக்க வேண்டும் என்றார். வாஷிங்டன் சட்டை வேண்டும் என்றார். எஸ்தர் அந்த செப்டம்பரிலேயே இறந்துபோனார். ஃபிராங்க்ளினின் மகள் சாரா பாஷ் பொறுப்பெடுத்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டைகள் தைத்து அனுப்பி வைத்தார். ஒவ்வொரு சட்டையிலும் தைத்த பெண்ணின் பெயர் இருந்தது.

ஆனால் ஒரு படையைச் சட்டையை மட்டும் வைத்து நடத்த முடியாதே. இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறார்.

ராபர்ட் மாரிஸ். 1734-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். 13 வயதில் அமெரிக்காவில் இருந்த அப்பாவிடம் வந்தார். அப்பா புகையிலை வியாபாரி. அவருக்கு மரியாதை செய்ய ஒரு கப்பலில் பீரங்கி வெடித்தார்கள். அதிலிருந்து தெறித்த அடைப்பு பட்டுக் காயமாகி அவர் இறந்தே போனார். பையன் ஃபிலடெல்ஃபியாவில் வில்லிங் என்ற வணிகரிடம் வேலை பழகி, இருபத்து சொச்சம் வயதில் அதே கம்பெனியில் பங்குதாரர் ஆனார். கப்பல், கோதுமை மாவு, புகையிலை என்று பெரிய வியாபாரம். அடிமை வியாபாரத்திலும் அந்தக் கம்பெனிக்குக் கை இருந்தது, மாரிஸ் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். சுதந்திரத்துக்காகப் பணம் புரட்டிய மனிதரின் கணக்கில் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மனுஷன் அவசரக்காரர் இல்லை. 1776 ஜூலை 2-ம் தேதி சுதந்திரத் தீர்மானம் ஓட்டெடுப்புக்கு வந்தபோது, 'இன்னும் நேரம் வரவில்லை' என்று நினைத்த மாரிஸ், எதிர்த்து ஓட்டுப் போடாமல் சபைக்கே வராமல் ஒதுங்கிக்கொண்டார். அவரும் இன்னொருவரும் ஒதுங்கியதால்தான் பென்சில்வேனியாவின் ஓட்டு சுதந்திரத்துக்கு ஆதரவாக விழுந்தது. பிறகு ஆகஸ்டில் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். தோற்றால் அந்தக் கையெழுத்துக்குத் தண்டனை தூக்கு. வேண்டாம் என்று நினைத்த காரியத்துக்கு, முடிவான பிறகு கழுத்தைக் கொடுப்பது லேசான விஷயம் இல்லை.

அந்த வருடக் கடைசியில் ஆங்கிலேயப் படை நெருங்குகிறது என்று காங்கிரஸ் பால்டிமோருக்கு ஓடியது. மாரிஸ் ஃபிலடெல்ஃபியாவிலேயே இருந்தார். வாஷிங்டன் டிசம்பர் 26 அன்று ட்ரென்டனில் ஜெயித்துவிட்டார். ஆனால் பாதி வீரர்களின் ஒப்பந்தம் டிசம்பர் 31-உடன் முடிகிறது. இன்னும் ஆறு வாரம் இருந்தால் ஆளுக்கு 10 டாலர் என்று வாக்குக் கொடுத்துவிட்டார், கையில் பணம் இல்லை. மாரிஸுக்கு எழுதினார். 1777 புத்தாண்டு அன்று 50,000 டாலர் புறப்பட்டது. இரண்டு நாள் கழித்து பிரின்ஸ்டனில் இன்னொரு வெற்றி.

1781-ல் காங்கிரஸ் அவரை நிதிப் பொறுப்பாளராக நியமித்தது. மாரிஸ் ஒரு நிபந்தனை போட்டார்: என் சொந்த வியாபாரத்தை விடமாட்டேன். இன்றைக்கு ஒரு பேங்க் அதிகாரி இப்படிக் கேட்டால் விஜிலன்ஸ் ஆட்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். அப்போதும் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். 1779-லேயே அவர் மேல் புகார் எழுந்து, விசாரணை நடந்து, குற்றமில்லை என்று விடுவித்திருந்தார்கள். ஆனாலும் காங்கிரஸ் ஒப்புக்கொண்டது. காரணம் எளிது. அரசாங்கத்தின் நோட்டை யாரும் வாங்கவில்லை. ராபர்ட் மாரிஸ் கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டை எல்லோரும் வாங்கினார்கள்!

பொறுப்பேற்றதும், பட்டினி கிடந்த படைக்கு மாவு வேண்டும் என்று இரண்டு பேருக்குக் கடிதம் எழுதினார். ஆளுக்கு 1,000 பீப்பாய் மாவு வாங்குங்கள், பணத்துக்கு நான் சொந்தப் பொறுப்பு என்று. மாவு வந்தது. பிறகு தன் பெயரிலேயே நோட்டு வெளியிட்டார். 'மாரிஸ் நோட்டு' என்றே அதற்குப் பெயர். ஒரு தேசத்தின் கடனுக்குத் தனி மனிதன் ஜாமீன்.

அந்த ஆகஸ்டில் வாஷிங்டன் படையோடு வர்ஜீனியாவின் யார்க்டவுனை நோக்கிக் கிளம்பினார். வழியில் வீரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். ஒரு மாதச் சம்பளமாவது வெள்ளியாக வேண்டும், காகிதம் வேண்டாம். கஜானா காலி. மாரிஸ் பிரெஞ்சுப் படைத்தலைவர் ரோஷாம்போவிடம் 20,000 டாலர் கைமாற்று வாங்கினார். செப்டம்பர் 8-ம் தேதி ஹெட் ஆஃப் எல்க் என்ற இடத்தில் சம்பளம் பட்டுவாடா ஆனது. பல வீரர்கள் படையில் சேர்ந்து முதல்முறையாக வெள்ளிக் காசைப் பார்த்தது அன்றைக்குத்தான். அக்டோபர் 19-ல் யார்க்டவுனில் ஆங்கிலேயப் படை சரணடைந்தது.

அடுத்து மாரிஸ் ஒரு பேங்க் ஆரம்பித்தார். 'பேங்க் ஆஃப் நார்த் அமெரிக்கா', 1782 ஜனவரி 7-ல் ஃபிலடெல்ஃபியாவில் கதவைத் திறந்தது. மூலதனம் 4 லட்சம் டாலர் என்று திட்டம். பொதுமக்களிடம் பங்கு விற்று வந்தது 70,000 டாலர் போல. மீதிக்கு? பிரான்ஸ் கொடுத்த வெள்ளி பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கியிருந்தது. அதை மாட்டு வண்டிகளில் ஏற்றி ஃபிலடெல்ஃபியா வரை ஓட்டி வந்தார்கள். அதிலிருந்து சுமார் 2,54,000 டாலரை அரசாங்கத்தின் பங்காகப் போட்டு, பிறகு அதே பேங்கிலிருந்து அரசாங்கத்துக்குக் கடன் வாங்கினார். ஜனங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக, வெள்ளிப் பெட்டிகளை எல்லார் கண்ணிலும் படும்படி மேலும் கீழும் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, பேங்க் என்பது பாதி வெள்ளி, பாதி நம்பிக்கை என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இடையில் நம் பக்கத்துச் செய்தி ஒன்று. அதே 1782-ல் ஃபிலடெல்ஃபியா வணிகர்கள் தங்கள் சரக்குக் கப்பல்களைக் காக்க ஒரு போர்க்கப்பலைத் தயார் செய்தார்கள். அது ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் தன்னைவிடப் பலமான ஓர் ஆங்கிலக் கப்பலைப் பிடித்தது. அந்தக் கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. 1780-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படையை நொறுக்கிய அதே ஹைதர் அலிதான். இந்தப் போரின் கடைசிச் சண்டைகளும் நம் கடலூரில்தான் நடந்தன, 1783 ஜூனில். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்கு முன்ஒப்பந்தம் ஆகிவிட்டது. சேதி வந்து சேராமல் இங்கே செத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஃபிலடெல்ஃபியாவுக்குத் திரும்புவோம். மாரிஸுக்குப் பின்னால் இன்னொரு ஆள் இருந்தார். எனக்கு மாரிஸைவிட இவர்மேல்தான் பிரியம் அதிகம்.

ஹேம் சாலமன். போலந்தில் 1740 வாக்கில் பிறந்த யூதர். போர் தொடங்கும் சமயத்தில் நியூயார்க் வந்தார். சுதந்திரப் போராட்டக்காரர்களோடு சேர்ந்ததால் 1776-ல் ஆங்கிலேயர்கள் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பல மொழிகள் தெரியும் என்பதால் ஜெர்மன் கூலிப்படைக்கு மொழிபெயர்க்க அவரைப் பயன்படுத்தினார்கள். மனிதர் அந்த வீரர்களையே படையை விட்டு ஓடச் சொல்லித் தூண்டிவிட்டார். 1778-ல் மறுபடி மாட்டவிருந்தார். மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஃபிலடெல்ஃபியாவுக்குத் தப்பி ஓடினார். காங்கிரசிடம் ஒரு வேலை கேட்டு மனுப் போட்டார். கிடைக்கவில்லை. தரகுத் தொழிலில் இறங்கினார்.

அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பேங்கிங் தேவை. பிரான்ஸ் கடன் கொடுத்தது. ஆனால் பணம் பாரிஸில் இருக்கிறது, செலவு ஃபிலடெல்ஃபியாவில். அதனால் மாரிஸ் பாரிஸ் பேங்கரின் பெயருக்கு உண்டியல் எழுதுவார். ஐரோப்பாவில் சரக்கு வாங்கும் வியாபாரிகளுக்குப் பாரிஸில் பணம் தேவை. அவர்கள் இங்கே வெள்ளி கொடுத்து உண்டியலை வாங்கிக்கொள்வார்கள். ஒரே நாளில் நிறைய உண்டியல்களைச் சந்தையில் கொட்டினால் விலை விழும். கொஞ்சம் கொஞ்சமாக, நல்ல விலைக்கு, வாங்குபவன் நம்பும்படி விற்க ஆள் வேண்டும். அது சாலமன். வாங்கியவர் அரை சதவீதம் கமிஷன். உண்டியலின் பின்பக்கம் தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுப்பார். அப்படிப் போட்டால் என்ன அர்த்தம்? பாரிஸில் பணம் கொடுக்காமல் திருப்பி அனுப்பினால் நான் பொறுப்பு. ஆக, அதுவும் ஜாமீன்தான். மாரிஸின் நாட்குறிப்பில் அவரைப் பற்றி எழுபது தடவைக்கு மேல் வருகிறது. 1782-ல், 'நிதி அலுவலகத்தின் தரகர்' என்று விளம்பரம் செய்துகொள்ள அவருக்கு அனுமதி கொடுத்தார் மாரிஸ்.

பிற்பாடு ஜனாதிபதியான ஜேம்ஸ் மாடிசன் அப்போது காங்கிரஸ் உறுப்பினர். ஊரிலிருந்து பணம் வராமல் திண்டாடியபோது சாலமனிடம்தான் போவார். எத்தனை சொன்னாலும் அவர் வட்டி வாங்க மறுக்கிறார், அதனால் மறுபடி போய்க் கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்று 1782-ல் மாடிசன் எழுதியிருக்கிறார்.

சாலமன் தன் சொந்தப் பணம் ஆறு லட்சத்துக்கு மேல் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தார் என்று பல இடங்களில் படிக்கலாம். யார்க்டவுன் 20,000 டாலரே அவர் கொடுத்தது என்றும் சொல்வார்கள். கணக்கு பார்க்கிறவனாக எனக்கு இதில் சம்மதமில்லை. அவர் கை வழியாகப் போன தொகையில் பெரும்பகுதி உண்டியல் விற்ற அரசாங்கப் பணம். தரகர் வசூலித்துக் கட்டிய பணத்தைத் தரகரின் நன்கொடை என்று எழுதினால் ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் கொடுத்தது தன் பெயரையும் உழைப்பையும் தூக்கத்தையும். அதற்கு மேல் ஒரு கட்டுக்கதை தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

சிறையில் கெட்ட உடம்பு தேறவில்லை. காசநோய். 1785 ஜனவரி 6-ல் சாலமன் இறந்தார், வயது நாற்பத்தி சொச்சம். இளம் மனைவி, மூன்று சின்னக் குழந்தைகள், வயிற்றில் நான்காவது. சொத்துக் கணக்கு எடுத்தார்கள். அரசாங்கக் கடன் பத்திரங்கள், முகமதிப்பு 3,53,744 டாலர். சந்தையில் சொத்து மதிப்பு 44,732 டாலர். அவர் கட்ட வேண்டிய கடன் 45,292. நிகரம் 560 டாலர் பற்றாக்குறை. பிற்காலத்தில் வாரிசுகள் காங்கிரசுக்கு மனு மேல் மனு போட்டார்கள். கமிட்டிகள் ஆதரவாக அறிக்கை கொடுத்தன, பணம் வரவில்லை. கடைசியில் பணம் வேண்டாம், ஒரு பதக்கமாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். அதுவும் வரவில்லை.

மாரிஸ் கதை இன்னும் மோசம். போர் முடிந்தபோது சம்பளம் கேட்டு வீரர்கள் 1783 ஜூனில் காங்கிரஸ் கூடிய கட்டடத்தையே சூழ்ந்துகொண்டார்கள், காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்கு ஓடியது. இறக்குமதிக்கு 5 சதவீத வரி போடலாம் என்ற யோசனையை ரோட் ஐலண்ட் என்ற ஒரே ஒரு குட்டி மாகாணம் மறுத்துக் கெடுத்துவிட்டிருந்தது. வீரர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் கொடுக்க மாரிஸ் மறுபடி தன் பெயரிலேயே நோட்டு எழுதினார். மீதிச் சம்பளம் வெறும் சான்றிதழ். வீட்டுக்குப் போக வழிச்செலவுக்குக் காசில்லாதவர்கள் அதை டாலருக்கு இருபது சென்ட், அதற்கும் கீழே விற்றுவிட்டுப் போனார்கள். 1790-ல் புதிய அரசாங்கம் அந்தக் கடனை முழு மதிப்புக்கு ஏற்றுக்கொண்டது. லாபம் வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் போனது. முதலில் வைத்திருந்த வீரனுக்கும் பங்கு வேண்டும் என்று மாடிசன் வாதாடினார். சபையில் 36-க்கு 13 என்று தோற்றுப்போனார். ஜாமீன் போட்டவர்களில் இந்த வீரர்களையும் நான் சேர்ப்பேன்.

வாஷிங்டன் ஜனாதிபதியானதும் நிதி அமைச்சர் பதவிக்கு மாரிஸை அழைத்தார். மாரிஸ் ஹாமில்டனைக் கைகாட்டிவிட்டு, நிலத்தில் இறங்கினார். லட்சக்கணக்கான ஏக்கர், புதிய தலைநகரில் ஆயிரக்கணக்கான மனைகள், எல்லாம் கடனில். ஐரோப்பாவில் போர் வந்து அங்கிருந்து வரவேண்டிய கடன் நின்றது. நிக்கல்சன் என்ற கூட்டாளியும் அவரும் ஒருவர் எழுதிய பத்திரத்துக்கு மற்றவர் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு ஓட்டினார்கள். பேங்க்காரர்கள் இதைக் 'காத்தாடி விடுவது' என்போம். நூல் அறுந்தது. 1798 பிப்ரவரியில் ராபர்ட் மாரிஸ், எந்த ஊரில் பேங்க் வைத்தாரோ அதே ஃபிலடெல்ஃபியாவில் கடனாளிச் சிறைக்குப் போனார். கடன் சுமார் 30 லட்சம் டாலர். இந்த வீழ்ச்சி போரால் வந்ததில்லை, பேராசையால் வந்தது. அதையும் மறைக்க வேண்டாம்.

அந்த வருட நவம்பரில் வாஷிங்டன் ஃபிலடெல்ஃபியா வந்தார். ஜனாதிபதியாக அதே ஊரில் அவர் ஆறேழு வருடம் குடியிருந்தது மாரிஸுக்குச் சொந்தமாக இருந்த வீட்டில். இப்போது மாரிஸ் சிறையில். வாஷிங்டன் சிறைக்கே போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வருடம் வாஷிங்டன் இறந்துவிட்டார். 1800-ல் வந்த திவால் சட்டத்தால் 1801 ஆகஸ்டில், மூன்றரை வருடம் கழித்து, மாரிஸ் வெளியே வந்தார். 1806-ல் இறந்தார்.

சிகாகோவில் ஒரு சிலை இருக்கிறது. 1941-ல் வைத்தது. நடுவில் வாஷிங்டன், ஒரு பக்கம் மாரிஸ், இன்னொரு பக்கம் சாலமன், கை கோத்து நிற்கிறார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு மகள், "அப்ப அவங்க கையெழுத்துப் போட்டது தப்பாப்பா?" என்றாள். போடாமல் இருந்திருந்தால் 1777 ஜனவரியில் படை கலைந்து வீட்டுக்குப் போயிருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "தாத்தாகூட அப்படித்தானே" என்றாள்.

அன்று ராத்திரி ஊருக்கு ஃபோன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். அந்த நண்பர் எதற்காக அப்போது கடன் வாங்கினார் என்று முதல்முறையாகக் கேட்டேன். "அவன் பொண்ணுக்கு ஆபரேஷன்டா" என்றார். "பொழைச்சுதா?" என்றேன்.

"பொழைச்சா. இப்ப பேரன் பேத்தி எடுத்துட்டா" என்றார்.